அடியில் எழுத்தில்லாத தோட்டாக்கூடு

அடியில் எழுத்தோ எண்ணோ இல்லாத பித்தளைத் தோட்டாக்கூடு எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்த மாதிரிதான் கோபப்படுகிறேன்.

மகளின் காதுகுத்துக்குத் தோடு எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அவள் உள்ளே கிடந்த அந்தக் கூட்டை எடுத்து விசில் ஊதினாள். பிடுங்கி, அவள் வாயை மூன்று தரம் கழுவிவிட்டு, கே.கே. நகர் டாக்டருக்கும் போன் போட்டேன். அவர் சிரித்தார். பிறகு நானே மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. ஆனாலும் கரிமருந்து நெடி மூக்கில் ஏறியது.

நாகமலைப் பக்கம் எங்களுக்குக் கடலைக்காடு இருந்தது. பன்றி விரட்ட அப்பாவிடம் உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. வெடித்த கூடுகளை எறிய மாட்டார். மருந்தும் ஈயக்குண்டும் நிரப்பித் திரும்பப் போடுவார். புளியும் சாம்பலும் போட்டு அவற்றைத் தேய்ப்பது என் வேலை. குத்துவிளக்குக்குக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. எல்லாம் தாத்தா வாங்கிய ஒரே மூட்டை. பாகம் பிரித்தபோது கிணறு, மாடு, அண்டாவோடு அந்தக் கூடுகளையும் பெரியப்பாவுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி என்று பங்கு வைத்தார்கள்.

ஒரு நாள் விடியலில் பக்கத்துக் காட்டுக்காரரின் சினைமாடு குண்டடிபட்டுச் செத்துக் கிடந்தது. வரப்பில் ஒரு பித்தளைக்கூடு. ஊர் கூடியது. பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன், மாட்டுக்காரரிடம் முந்திக்கொண்டான்.

"எங்க வீட்டுல மதுரைக் கடையில வாங்குற பிளாஸ்டிக் தோட்டாதாண்ணே. பித்தளையில ரொப்புறது சித்தப்பா ஒருத்தர்தான்."

அவர்கள் வீட்டுப் பரணில் பாதி மூட்டை கிடந்தது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்பா வாயே திறக்கவில்லை. ஊரார் முன்னால் அண்ணன் மகனைப் பொய்யன் ஆக்குவதா என்று நின்றார். மாட்டுக்காரர் கூட்டை அவர் காலடியில் எறிந்தார்.

"வச்சுக்கய்யா ஒன் சொத்த!"

வீட்டில் அதைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் துப்பாக்கியின் ஊசி தேய்ந்துபோனது. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் ஓரமாகத்தான் குத்தும். இதில் குழி நட்டநடுவில் இருந்தது. ஒவ்வொரு தரமும் கேப்பு புதிதாக மாட்டுவது என்பதால், அந்தக் குழி கடைசியாக வெடித்த துப்பாக்கியுடையது. அப்பாவிடம் ஓடினேன். ஏறெடுத்தும் பார்க்காமல், "பேசாம இருத்தா" என்றார்.

அப்பா அந்தத் துப்பாக்கியை ஒரு தரம் ஊசி மாற்ற மதுரைக்குக் கொண்டுபோனார். அது மாடு சாவதற்கு முன்பா, பிறகா? முன்பே என்றால் எங்கள் ஊசியும் நடுவில்தான் குத்தியிருக்கும். அதுதான் நினைவில்லை. படுத்தால் இதுதான் ஓடுகிறது.

அந்த மாட்டுப் பழியால் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. பன்றிகள் கடலையைத் தின்றன. நிலத்தைப் பெரியப்பா வாங்கிக்கொண்டார். நாங்கள் பழங்காநத்தத்துக்கு வந்தோம். அப்பா ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகி, அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். இப்போது அங்கே கடலையும் இல்லை, பன்றியும் இல்லை. மஞ்சள் கல் நட்ட பிளாட்டுகள். விற்பவன் அந்த அண்ணன்தான்.

எனக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. முறைப்படி என் மகளை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவனும் அவன்தான். நேற்றுப் போன் செய்தான்.

"ஏத்தா, மாமன் மடி ரெடியா இருக்கு. மருமகளுக்குப் பட்டுப்பாவாட என்ன கலரு? தேதியச் சொல்லு, வாரேன்."

"சொல்றேண்ணே" என்று வைத்துவிட்டேன்.

"மாடு செத்துப் புல்லும் மொளச்சாச்சு, இன்னுமா?" என்கிறார் கணவர். அவர் அப்பாவின் காலடியில் யாரும் எதையும் எறிந்ததில்லை.

அவன் பட்டுவேட்டியோடு வந்து நிற்க வேண்டும். சொந்தபந்தம் பார்க்க, என் மகள் வேறு மடியில் உட்கார வேண்டும். பிறகு அவளுக்கு மாமன் என்று யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் தெரிகிறது.

முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தகப்பன் மடியில் வைத்துக் காது குத்தினால் பிள்ளைக்கு ஏதும் குறை வருமா? வராது என்றால் இன்னொன்று: பத்திரிகை வைத்து அழைத்துவிட்டு மடியை மறுப்பதா, அழைக்காமலே விடுவதா? எது அவனுக்கு அதிகம் வலிக்கும்?