தந்தை பெயர் என்ற கட்டம்

டெல்லி மந்திர் மார்க்கில் நடந்துகொண்டிருந்தபோதுதான் அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தேன். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். மே மாதம், மதியம் மூன்று மணி. கரோல் பாகில் நான் விட்டுவந்த மாடி அறையில் ஏசி உண்டு. திரும்பிப் போய்க் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று தோன்றியது. அதற்கும் இனி யாரையாவது கேட்க வேண்டும்.

அங்கே எனக்குப் பொய் எழுதும் வேலை. விடுதிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஒப்பந்தக்காரருக்காக அந்த அலுவலகம் செயலி ஒன்று செய்துகொண்டிருந்தது. வேலை வேண்டுகிறவர்கள் போனிலேயே பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாம் நிரப்ப வேண்டும், தமிழிலும் நிரப்பலாம். கட்டங்கள் ஒழுங்காக வாங்கிக்கொள்கின்றனவா என்று பார்க்க, இல்லாத ஆட்களை நான் உண்டாக்கி நிரப்பினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். தமிழ் தட்டத் தெரியும் என்பதற்காக எடுத்தார்கள்.

ஒற்றை எழுத்துப் பெயர், மூச்சு வாங்கும் நீளப் பெயர், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். வயது முந்நூறு என்றுகூடப் போட்டுப் பார்த்தேன். முகவரிக்கு நான் படுத்தெழுந்த இடங்களையே எழுதினேன்: செங்கல் சூளை, லாரி ஷெட், பாலத்தடி. செயலி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. நேரில் போய்ச் சொல்லியிருந்தால் வாசலிலேயே துரத்தியிருப்பார்கள்.

என்னை மேய்த்த பெண் மோதி பாக் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. முதல் நாளே சொன்னாள்:

"அண்ணா, நிஜ ஆளுங்க வரும்போது இந்த நகலி ஆளுங்களை எல்லாம் ஒரே அடியா அழிக்கணும். அதனால எல்லா ஃபார்ம்லயும் ஏதாவது ஒரு கட்டத்துல ஒரே வார்த்தை போடுங்க. வேற யாரும் போடாத வார்த்தையா இருக்கணும், அச்சா?"

தந்தை பெயர்க் கட்டத்தில் என் அப்பாவின் பெயரைப் போட்டேன். எங்கள் பக்கத்துக் காவல் தெய்வத்தின் பெயர் அது. டெல்லியில் வேறு எவனுக்கும் அப்படி ஒரு அப்பன் இருக்க மாட்டான் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வராத மனுஷன், அதற்கப்புறம் வீட்டுக்கும் வராமல் போனவர். எனக்குக் கொடுத்தது ஒரு இனிஷியல் மட்டும். இந்த வகையிலாவது உதவட்டும் என்று விட்டேன்.

எல்லாருக்கும் ஒரே தந்தை பெயர் போட்டிருப்பதைத் திரையில் காட்டியபோது அவள் சிரித்தாள். "ஒரே அப்பாவுக்கு இவ்வளவு பசங்களா! அவரு சோறு போடுவாரா, பேரு மட்டும்தானா?"

"பேரு மட்டும்தாம்மா."

சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையலறைக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. சாப்பாடு, படுக்க ஓர் அறை, கதவுக்குத் தாழ்ப்பாள். முதலில் பதிகிற இரண்டு பேருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதிவு திறந்ததும் அதே செயலியில் முதல் ஆளாக நான் நிரப்பினேன். அத்தனை நாளில் அன்றுதான் எல்லாக் கட்டத்திலும் உண்மை எழுதினேன். 'பதிவு ஏற்கப்பட்டது' என்று போனில் செய்தி வந்தது. வெகுநாளைக்குப் பிறகு சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன்.

பொய் ஆட்களை அழிக்கும் வேலையை வெள்ளிக்கிழமையே முடித்திருக்க வேண்டும். அவளுக்கு வேறு அவசரம். திங்கள் காலை வந்ததும் அழித்தாள். அந்தத் தந்தை பெயர் உள்ளவர்கள் எல்லாரும் போனார்கள். மத்தியானம் பட்டியலைப் பார்த்தபோது நான் அதில் இல்லை.

போனிலிருந்த செய்தியைக் காட்டினேன். அவள் போனை வாங்கி, அதிலிருந்த பதிவு எண்ணை அழித்த பட்டியலில் தேடிப் பிடித்தாள்.

"அண்ணா... உங்க அப்பா பேரா அது? நிஜமாவே?"

"ஆமா."

"ஹே பகவான். யாராவது சொந்த அப்பா பேரைப் போடுவாங்களா? நான் என்ன கண்டேன், நீங்க குடுத்த வார்த்தையை அப்படியே காப்பி பண்ணிப் போட்டு அழிச்சேன்."

"இப்ப மறுபடி பதிஞ்சா?"

"பதியலாம். ஆனா லிஸ்ட் விடுதிக்குப் போயிடுச்சு. ரெண்டு பேரையும் நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"அங்க போன் பண்ணிச் சொல்லேம்மா. நான்தான் முதல்ல பதிஞ்சேன்."

"சொன்னா நான் நிஜ ஆளை அழிச்சேன்னு ஆயிடும் அண்ணா. என் வேலை போயிடும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்றாள். சோதனை முடிந்துவிட்டதால் இங்கேயும் இனி எனக்கு வேலை இல்லை என்பதை அதே மூச்சில் சொன்னாள். டீ சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று படியிறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டே நடந்து பார்த்தேன், கோபம் ரொம்ப தூரம் கூட வரவில்லை. அப்பாமேல் படலாம் என்றால் அவர் எங்கே இருக்கிறாரோ. வேறு எவனுக்கும் இருக்காது என்று அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவன் நான். எனக்கு இருக்கிறது என்பதை மறந்தவனும் நானே. ஆட்களைக் கணக்கில் எடுக்கும்போது என்னைச் சேர்க்காமல் பழகிவிட்டது.

அன்று படுத்த இடம், முகவரிக் கட்டத்தில் போடக்கூடிய இன்னொரு இடம்.

மறுநாள் காலை ஒரு டென்ட் ஹவுஸ் வாசலில் கல்யாணப் பந்தலுக்கான இரும்புக் குழாய்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. மேஸ்திரி என் தோளைப் பார்த்தார்.

"மதராசி?"

"ஹாங்."

பெயர் கேட்கவில்லை. அப்பா பெயரும் கேட்கவில்லை. "சல், உட்டா" என்று குழாயைக் காட்டினார். தூக்கினேன்.