ஏலத்தில் போன பந்து

பாக்கியசீலனின் தொண்டையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். வாயைத் திறந்தாலோ தெருக்கோடியில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். பாளையங்கோட்டை மிஷன் கோயில் ஒன்றில் அவருக்கு வேலை. மணி அடிப்பது, பாய் விரிப்பது, விளக்குத் துடைப்பது, சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் அவர் தலையில். இந்த வேலை பார்க்கிறவரைக் கோயில்குட்டி என்பார்கள். நரைத்த தலையோடு குட்டி என்று கூப்பிடப்படுவதில் அவருக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. வருஷத்தில் ஒரு நாள், அறுப்பின் பண்டிகையன்று, சபை முழுக்க அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காணிக்கையாக வந்த பூசணி, கோழி, வாழைக்குலை அத்தனையையும் அவர்தான் ஏலம் விடுவார்.

அந்தத் தொண்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊருக்குத் தெற்கே ஒரு பொட்டல். அங்கே வாலிபர் சங்கத்துப் பையன்கள் பந்து உதைக்கிறபோது கோட்டுக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கத்துவார். சங்கத்தின் தலைவன் அவருடைய தங்கச்சி மகன் தேவதாசன். மாமனின் சத்தம் முதுகில் விழுந்தால்தான் அவனுக்குக் கால் எழும்பும் என்று எல்லாரும் கேலி பேசுவார்கள். கேலி பேசினவர்களும் சேர்ந்துதான் கத்துவார்கள்.

அந்தச் சங்கம் எப்படி வந்தது தெரியுமா? பிடியரிசியில் வந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போட்டு வைப்பது வேதக்காரரான கிறிஸ்தவர்கள் வீட்டு வழக்கம். பள்ளிக்கூடம் முடித்த பையன்கள் பந்து வாங்க வழியில்லாமல் துணிப் பந்தை உதைத்துக்கொண்டு திரிந்தபோது, பாக்கியசீலனின் மனைவி கிரேஸ்தான் இதுகளுக்கும் ஒரு பிடி போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அவள் பானை வைத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டிலும் வைத்தார்கள். அப்புறம் பிள்ளைமார் வீட்டிலும் சாயபுமார் வீட்டிலும் வைத்தார்கள். அந்த அரிசியை விற்றுத்தான் மதராசிலிருந்து தோல் பந்து வந்தது. வண்டிக்காரர் அப்பாத்துரை தன் மாடுகளை ஓட்டி ஆற்று மணல் கொண்டுவந்து பொட்டலில் கொட்டினார். முள் பிடுங்கியவர்களுக்கும் மேடு வெட்டியவர்களுக்கும் கணக்கே கிடையாது. ஒருத்தரும் கூலி கேட்கவில்லை.

தில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு தர்பார் நடந்ததே, அதற்கு அடுத்து வந்த பிசான நெல் அறுப்பு. அந்த வருஷம் பையன்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பேட்டைக்காரர்களை முதல் தடவையாக ஜெயித்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் தேவதாசன் பந்தைத் துடைத்து எண்ணெய் போட்டு, அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய்களுக்கு நடுவே ஸ்தோத்திரக் காணிக்கையாக வைத்துவிட்டான். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோழியைப் பத்து மடங்கு விலைக்கு எடுப்பார்கள். எடுத்த கையோடு மறுபடியும் விடச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே கோழி நாலு பேரிடம் விலை போகும். பந்தையும் யாராவது பெரிய மனுஷன் எடுப்பார், சிரித்துக்கொண்டே பையன்கள் கையில் கொடுப்பார், கோயிலுக்கு நாலு காசு சேரும். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஏலம் விட்டவரும் அப்படித்தான் நினைத்தார்.

எடுத்தவர் ஞானசிகாமணி. உடன்குடிக் கருப்பட்டியைக் கொழும்புக்குக் கப்பலேற்றிக் காசு பார்த்தவர். கோயிலில் முதல் பெஞ்சு அவருக்கு. அன்றைக்கு அவர் கேட்கக் கேட்க, பாக்கியசீலன் தொண்டையைத் தீட்டிக்கொண்டு ஏற்றிவிட்டார். விளையாட்டுக்கு எதிர்விலை கேட்டுக்கொண்டிருந்த அப்பாத்துரை பயந்து வாயை மூடிக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். சபை கைதட்டியது. ஞானசிகாமணி பந்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, மனுஷன் நேரே போய் வில்வண்டியில் ஏறிவிட்டார்.

சாயங்காலம் கொடுத்தனுப்புவார் என்று ஒரு நாள் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். பந்து வரவில்லை. ஞானசிகாமணியின் கருப்பட்டி மண்டிக் கணக்கப்பிள்ளைதான் வந்தார். சங்கத்தை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார், பையன்களுக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வேண்டும் என்றார். பொட்டலையும் அதற்குள் குத்தகைக்கு எடுத்தாகிவிட்டது. தேவதாசனுக்கு மண்டியில் சம்பளத்தோடு வேலை. இன்னொரு பந்து வாங்கலாமே என்கிறீர்களா? வாங்கலாம். உதைக்கிற காலெல்லாம் அங்கே போய்விட்ட பிறகு பந்தை வைத்துக் கோயிலில் பூசணிக்குப் பக்கத்தில் அடுக்கவா?

பாக்கியசீலனுக்கு வந்த கோபத்தில் கால் செருப்பைக்கூட மாட்டவில்லை. மண்டிக்குப் போனார். கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே ஞானசிகாமணி விசிறிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, ஏலத்துல எடுத்தத திருப்பிக் குடுக்கதுதான வழக்கம்? பந்தக் குடுத்திருங்க.”

“வழக்கம் பூசணிக்காய்க்கு வே. எடுத்தது நான், விட்டது நீரு. மூணு தரம் சொன்னது ஒம்ம வாய்தான?”

“பந்தத்தான அண்ணாச்சி விட்டேன். எங்களையும் சேத்தா விட்டேன்?”

ஞானசிகாமணி சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பாக்கியசீலன் பொறுத்திருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. வெறுங்காலில் உதைக்கிற பட்டிக்காட்டுக் கூட்டத்தை மதராஸ் ஆட்களோடு மோத வைக்கப் போகிறேன், அதற்கு ஊர் எனக்கு மாலை போட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பாக்கியசீலன் பாதியிலேயே திரும்பி நடந்தார். ஏலம் விட்ட தன் வாயை வழியெல்லாம் தானே திட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் பொட்டலைச் சுற்றிப் பனையோலைத் தட்டி எழும்பியது. ஆள் உயரத்துக்கு மேல். வாசலில் ஒருத்தன் டிக்கட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்தான். தரைக்கு இரண்டணா, பெஞ்சுக்கு நாலணா, நாற்காலிக்கு எட்டணா. நாலணா என்றால் அன்றைக்கு ஒரு ஆளின் நாள் கூலி. தன் வண்டியில் அடித்த மணலின் மேல் நிற்க அப்பாத்துரை அரை நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். வயிறு எரியுமா எரியாதா?

தட்டிக்கு எதிரே இருந்த சோடாக் கடையில் இதே பேச்சுத்தான். எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். தாலுகா கச்சேரி குமாஸ்தா நாறும்பூநாதன், ஓசியில் பார்க்கிற கூட்டம் வெற்றிலை துப்பிப் பொட்டலை நாறடிக்கிறது, காசு வைத்தால்தான் மட்டு மரியாதை இருக்கும் என்றார். பையன்களுக்குச் சட்டை கிடைக்கிறதே, அது போதாதா என்றார் ஒருத்தர். முதல் ஆட்டத்துக்கு மட்டும் காசு இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள் என்று நம்பினவர்களும் உண்டு, அப்பாவிகள். அப்பாத்துரை காலி சோடாப் புட்டியை உருட்டிக்கொண்டே இருந்தார். பாக்கியசீலன்தான் எல்லாரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்: அவனவன் வீட்டு அடுப்பில் பொங்க வேண்டிய அரிசி அந்தப் பந்து, அதைப் பார்க்கக் காசு கொடுக்கிறவன் நாளைக்குத் தன் வீட்டுப் பானையை எட்டிப் பார்க்கவும் காசு கொடுப்பானா என்று. நாறும்பூநாதன் எழுந்து போய் நாலணா டிக்கட்டு வாங்கினார்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் தேவதாசன் மாமன் வீட்டுக்கு வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். ஒரு டிக்கட்டை எடுத்து நீட்டினான். அண்ணாச்சி கொடுத்தனுப்பினார், மாமாவுக்குக் காசு வேண்டாமாம், வந்து சத்தம் மட்டும் போட்டால் போதுமாம்.

“அப்பாத்துரைக்கு?”

“ஒங்களுக்கு மட்டும்தான் மாமா.”

அடுப்படியில் இருந்த கிரேஸ் வெளியே வந்தாள். புருஷனுக்கு மூக்குக்கு மேல் வருகிற கோபம் அவளுக்கு நெஞ்சுக்குள்ளேயே கிடந்து புழுங்கும். அன்றைக்கு அவளே முந்திக்கொண்டாள். “நான் அரிசி போட்டேன், ஒங்க அம்ம போட்டா, இந்தத் தெருவே போட்டுது. எங்களுக்கெல்லாம் எங்கன டிக்கட்டு? இந்தத் தாள எடுத்துக்கிட்டுப் போலே.”

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் இரண்டு தங்கச்சிகள், அப்பன் இல்லை, மண்டிச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பாக்கியசீலனுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. யாரைத்தான் அடிப்பது?

அந்த ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தவற்றையும் பார்க்கவில்லை. சாயங்காலம் மணி அடித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். தட்டிக்கு உள்ளே கைதட்டல் கேட்கும். அடித்தது யார், வாங்கினது யார் என்று அந்தக் கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. மரியாதையான கைதட்டல்.

பேட்டைக்காரர்களோடு மறுபடியும் ஆட்டம் வந்தது. இந்தத் தடவை பேட்டையிலே. அவர்கள் பொட்டலில் தட்டியும் இல்லை, டிக்கட்டும் இல்லை. செய்தி கேட்டதும் பாக்கியசீலனுக்குப் போன உயிர் வந்தது. அப்பாத்துரையையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டி, டவுன் தாண்டி, வெயிலில் நடந்தே போனார். ஆயிரம் இருந்தாலும் நம்ம பையன்கள், வாய் நிறையக் கத்திவிட்டு வரலாம் என்றுதான் போனார். வேறு எண்ணம் சத்தியமாக இல்லை. வழியெல்லாம் கருப்பட்டித் துண்டை வாயில் அடக்கித் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்டே வந்தார். ஞானசிகாமணியின் கருப்பட்டி இல்லை. அதைக் கேட்டுத்தான் வாங்கினார்.

பேட்டைத் தலைவன் முகம்மது மைதீன், தறி நெய்கிற பையன். இவர்களைப் பார்த்ததும் ஓடிவந்தான். போன வருஷம் அவன் அம்மாவையும் தறியையும் இழுத்து இவர் திட்டாத திட்டு இல்லை.

“வாங்க அண்ணாச்சி. அந்தா வேப்ப மரத்தடியில நிழல் இருக்கு, அங்கன நில்லுங்க. தண்ணி வச்சிருக்கோம்” என்றான்.

ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் வில்வண்டி வந்தது. பின்னாலேயே ஒரு பார வண்டியில் நாற்காலிகள். ஞானசிகாமணியின் ஆட்கள் அவற்றை இறக்கி, வேப்ப மரத்தடியில் நின்றவர்களுக்கு முன்னால், மறைக்கிற மாதிரி வரிசையாகப் போட்டார்கள். பாக்கியசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு பைய ஓரமாக நகர்ந்து நின்றார். பந்து உருண்டது. தேவதாசன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு வெட்டிக்கொண்டு போனான். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் இவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து ஞானசிகாமணி நாற்காலியில் இருந்தபடியே பின்னால் திரும்பினார். கையில் இருந்த பிரம்பை இவர் பக்கம் நீட்டி, மேளக்காரனுக்குச் சைகை காட்டுகிற மாதிரி மேலும் கீழும் ஆட்டினார்.

“ம், ஆரம்பியும் வே. இதுக்குத்தான நடந்து வந்தீரு?”

பாக்கியசீலன் வாய் திறந்தபடி நின்றார். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. தேவதாசன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய், பேட்டைக்காரர்கள் கைக்குப் போய், மைதீன் காலுக்கு வந்தது.

“மைதீனு! விடாத லே! ஏறு, ஏறு!”

பொட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தேவதாசன் ஓடுகிற ஓட்டத்தில் நின்றுவிட்டான். இவர் நிறுத்தவில்லை. மைதீனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவனுக்கு இடம் காட்டினார், தன் மருமகனுக்கு இடது கால் வராது என்று பொட்டலுக்கே கேட்கும்படி கத்தினார். கூட வந்தவர்கள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அப்பாத்துரை தொடங்கினார். பிறகு மற்றவர்களும். ஞானசிகாமணி பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் அப்புறம் திரும்பவே இல்லை. பேட்டை இரண்டு கோல் அடித்தது. பாளையங்கோட்டை ஒன்றும் அடிக்கவில்லை.

முடிந்ததும் தேவதாசன் மூச்சிரைக்க வந்தான். கண் சிவந்திருந்தது. சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“அண்ணாச்சிய ஏசியிருக்கலாம்லா மாமா. எனக்கு எதிரா எதுக்குக் கத்துனிய?”

“அவன் காதுக்குக் கேக்கணும்னுதாம்லே” என்றார் பாக்கியசீலன். அவன் போய்விட்டான். பேட்டைக்காரர்கள் இவருக்கு மாலை போட வந்தார்கள். அவர்கள் மேலும் எரிந்து விழுந்து, மாலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தார்.

வீடு வந்து சேர இருட்டத் தொடங்கியிருந்தது. கிரேஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் சேதி வந்திருக்கவில்லை. கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆட்டம் என்ன ஆச்சு, யாரு ஜெயிச்சா என்று கேட்டாள்.

பேட்டைக்காரன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

“நாம தோத்துட்டோம் கிரேஸு” என்றார். சொல்லிவிட்டு, செம்போடு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.