மூன்று மாதமாக நனையும் தளம்

செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்து, வாய்க்குள் எண்ணுகிறார் நல்லகாமன் மேஸ்திரி. நேற்று எட்டு வரை தாங்கியது. இன்று ஐந்துக்கே கால் வெந்துவிட்டது. முகம் செத்துப்போய், தளத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் மணல் பாத்திக்குள் குடத்தைச் சரிக்கிறார்.

தளம் போட்டால் மூன்று வாரம் தண்ணீர் கட்டுவது கொத்து வேலையில் வழக்கம். பழங்காநத்தத்தில் பசுபதி வீட்டுத் தளத்தை அவர் போட்டது தை மாதம். இப்போது கத்திரி வெயில். செல்லூரில் வேறு வேலை நடந்தாலும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சைக்கிளில் இங்கே வந்துவிடுகிறார். கேட்டால் கூசாமல் ஒரு பதில் வைத்திருக்கிறார்: "முரட்டுக் காங்கிரீட்டு சார். சூடு இன்னும் ஆறலை."

ஆபீஸ் குமாஸ்தாவான பசுபதி அதை நம்புகிறார். இருபது வருஷமாக மேஸ்திரியோடு வேலை செய்யும் சித்தாள் ராக்கம்மாளிடம் அது செல்லாது. "சித்திரையே முடியப்போகுது. இன்னும் எம்புட்டுத் தண்ணிண்ணே ஊத்துவ? நெல்லா நட்டுருக்க?" என்கிறாள். அவர் அடுத்த குடத்தைச் சரிப்பார்.

வினை ஒரு போட்டோவில் வந்தது. பசுபதியின் மச்சினர் பெங்களூரில் கட்டிய வீடு. முற்றம் கிடையாது, தாழ்வான தளம், மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல். "நம்ம வீட்டு முற்றத்தை மூடி இதே மாதிரி பண்ணிருங்க மேஸ்திரி," என்றார் பசுபதி. நம்ம ஊர் வெயிலுக்கு இது ஆகாது என்று சொல்ல நுனி நாக்கு வரை வந்தது. சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், "செஞ்சிருவோம் சார்" என்றுவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது மனுஷரைத் தின்கிறது.

மூடிய முற்றம்தான் இன்று வீட்டின் பெரிய அறை. தலைப்பிரசவத்துக்கு வந்த பசுபதியின் மகள் ஜானு அங்கேதான் படுத்திருக்கிறாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். தொட்டிலுக்கு நேர் மேலே நல்லகாமனின் தளம். நேற்று இறங்கும்போது எட்டிப் பார்த்தார். கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து, பால் குடிக்காமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. அதற்கு ஒன்று ஆகிவிட்டால்? உண்மையைச் சொல்லலாம்தான்; சொன்னால் தளத்தை உடைத்து முற்றத்தைத் திறந்துதான் ஆகவேண்டும். போட்ட தளத்தைத் தானே உடைத்தவன் என்று பேர் வந்தால், அப்புறம் எந்த வாசலில் கூப்பிடுவார்கள்?

லீவு போட்டிருந்த பசுபதி இன்று மாடிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "மேஸ்திரி, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது. காத்தோட்டமா வைங்கன்னு டாக்டர் சொல்றாரு. இந்தச் சூடு எப்பத்தான் ஆறும்?"

நல்லகாமன் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஆறாது சார். நாந்தான் பொய் சொன்னேன். இந்த ஊருக்கு முற்றத்தை மூடக்கூடாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

பசுபதி குனிந்து தளத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லி, தாயையும் பிள்ளையையும் அங்க கொண்டுபோங்க சார். உடைக்கிற வேலைய நான் பார்த்துக்கறேன்."

பசுபதி இறங்கிப் போனார். நல்லகாமன் பாத்தியைக் காலால் உடைத்துவிட்டார். தண்ணீர் வடிந்தது. ஈரம் காய அந்த வெயிலுக்கு இரண்டு நிமிஷம் போதும். சுடுகிற தளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த கரித்துண்டை எடுத்துத் தொட்டிலுக்கு நேர் மேலே பெரிதாக ஒரு சதுரம் வரைந்தார்.