நேப்பிள்ஸில் கப்பலேறுவது எப்படி?

லண்டனில் படிப்பை முடித்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பலேறி மதுரைக்கு வந்து சேர்ந்தேன். ஐரோப்பாவைச் சுற்றிப்பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை மகன், திரும்பும்போது நேப்பிள்ஸில் எப்படிக் கப்பலேறுவது என்று விளாங்குடியிலிருந்து விசாரிக்க வந்தார்.

"டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லுவாரு, மச்சான். சுங்கக்காரன் பெட்டியக் கிளறுவான். அப்புறம் வெயில்ல வரிசையில நிக்கணும்," என்றேன்.

"வரிசையிலயா? வெள்ளைக்காரக் கலெக்டர் ஆபீசுலயே எனக்கு நாற்காலி போடுறாக!" என்றவர், பயணத்தையே கைவிட்டார்.

அடுத்த மாதமே ஊர் வாசகசாலையில், இத்தாலியில் கப்பலேறுவது பற்றிச் சொற்பொழிவாற்றினார். கேப்டனே இறங்கிவந்து கைகொடுத்து அழைத்துப் போவாராம். கூட்டம் கைதட்டியது.

நான் எழுந்து, "நான் வரிசையிலதானே நின்னேன்?" என்றேன்.

"நீ படிக்கப் போனவன், மாப்ள. நான் சொல்றது கௌரவமாப் போறவுகளுக்கு."

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது.