அத்தாவின் வலது முழங்கால்

"வலிச்சாச் சொல்லுங்க பாய், நிறுத்திருவோம்" என்று பிசியோதெரபிப் பெண் என் முழங்காலை மெல்ல மடக்கினாள்.

வெள்ளைக்காரன் காலத்து மதுரையில், செம்மண்ணும் நல்லெண்ணெயும் மணக்கும் குஸ்திக் கூடத்தில், என் அத்தாவிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மல்லுக்கட்டில் திருகிய அவருடைய வலது முழங்கால் பானை போல வீங்கியிருந்தது.

"பஸ்கி போடு மாப்ள, பிடிப்பு விட்டுரும்" என்றார்கள் கூட்டாளிகள்.

அத்தா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். கூடத்து ஓரத்தில் சிறுவனாக நின்ற எனக்கு மூட்டு நெரியும் சத்தம் கேட்டது.

அடிபடாத கூட்டாளிகள் கிழவர்களாகியும் பஸ்கி போட்டார்கள். அத்தாவால் நாற்பது வயதிலேயே தொழுகைக்கு மண்டியிட முடியவில்லை. பிறகு அந்தக் கால் நீளவும் மறுத்தது.

அவர் மௌத்தான அன்று, உடலைக் குளிப்பாட்டியவர்கள் மடங்கிய காலை அழுத்தி நீட்டப் பார்த்தார்கள். மூட்டு நெரிந்தது.

திரைக்கு அப்பாலிருந்து அம்மா கத்தினாள்: "விடுங்க, அவுகளுக்கு வலிக்கும்!"