ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்வீதியில் ஐம்பது கஜம் போவது எப்படி

ஆடிப்பூரத் தேர் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் போனது தேர் பார்க்க அல்ல. அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு இரவே வலி கண்டுவிட்டது. முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்ததும் போய்விட்டன. இந்த முறை எங்கள் இராஜபாளையத்து மருத்துவச்சி பேச்சியம்மாள்தான் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். தங்கையின் கணவரே எங்களை அழைத்துப்போகப் புது வில்வண்டியுடன் வந்தார்.

காலை ஏழுக்குப் புறப்பட்டோம். ஏழு மைலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மாடுகள் அருமை. பிறகு, வீட்டுக்கு ஐம்பது கஜம் இருக்கையில், ஒரு மணி நேரம் அசையவில்லை.

முந்தாநாள் முதல் தேர் வீதி முனையில் நின்றிருந்தது. அதன் வடங்கள் வீதி நெடுகக் கிடந்தன. சொந்த வண்டிக்காரர்கள் பதினொரு பேர், அவரவர் வண்டியில் கௌரவமாக அகப்பட்டிருந்தார்கள்.

"இறங்கி நடப்போம் மாப்பிள்ளை" என்றேன்.

"புது வண்டிய விட்டுட்டு எப்படி வாரது மச்சான்? மாடு மெரளும்லா."

பேச்சியம்மாள் அதற்குள் இறங்கிவிட்டாள். நடக்கவும் இடமில்லை. வடம் பிடிப்பவர்களுக்கு மட்டும்தான் கூட்டம் விலகியது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தாள். நானும் பிடித்தேன்.

"பொம்பளை இழுத்தா தேரு நகருமா?" என்றான் முன்னால் நின்றவன்.

"ஏலே, நீ தளவாய்புரம் மாடசாமி மவன்தான? ஒன்னைய ஒங்காத்தா வயித்துலேருந்து இழுத்துப் போட்டவ நானு. அதவிடவா இது கனம்?"

சுற்றிலும் சிரிப்பு. அவன் தள்ளி நின்று இடம் கொடுத்தான்.

கொட்டு முழங்கியது. "கோவிந்தா!" சக்கரத்துக்கு அடியில் இருந்த கட்டையை உருவினார்கள். தேர் முனகிக்கொண்டு நகர்ந்தது! பின்னால் இருந்தவர்கள் நெட்ட, முன்னால் இருந்தவர்கள் ஒதுங்க, என் கால் தரையில் பட்டதா என்றே தெரியாது. குலுக்கலில்லை, வைக்கோல் நாற்றமில்லை. இவ்வளவு குதூகலமாக நான் எந்த வாகனத்திலும் போனதில்லை.

"விடுங்க, வீடு வந்துட்டு!" என்று பேச்சியம்மாள் கத்தினாள். வடத்தை விட்டு வாசலில் விழுந்தோம்.

அவள் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. வெந்நீரில் கழுவி, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணெய் தடவி உள்ளே போனாள். அரைமணியில் அழுகுரல் கேட்டது.

"பொட்டப்புள்ள! எம்புட்டுச் சத்தம் பாத்தியளா!"

போகிறவர்கள் சொந்த வண்டியை ஊரெல்லையிலேயே அவிழ்த்துவிடுங்கள். வாடகை வண்டி இன்னும் நல்லது. தலைக்கு இரண்டணா, இறங்கி நடக்க மனம் கூசாது. உள்ளங்கையில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு அவசியம். பேச்சியம்மாளால் மூன்று நாள் சோறு பிசைய முடியவில்லை. மகளை மடியில் கிடத்திக்கொண்டு, ஒவ்வொரு உருண்டையாக மருத்துவச்சியின் வாயில் கொடுத்தவள் என் தங்கைதான்.