ஊருணியில் போட்ட உப்பு

என் வலது கையில் ஏழு மரு இருந்தது. எட்டாவதாக ஒன்று உண்டா இல்லையா என்பதில் வீட்டுக்குள் ஒற்றுமை இல்லை. அது கருவேல முள் குத்திய தழும்பு என்று அம்மா சாதித்தாள். நட்சத்திரத்தை எண்ணினால் மரு வரும் என்பது எங்கள் ஊர் விஞ்ஞானம். நான் எண்ணியது உண்மை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அது அறுபதுகளின் கடைசி. காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி போகிற பக்கம், வயலும் மாடுமாகப் பிழைக்கும் சம்சாரிக் குடும்பம் எங்களுடையது. எனக்குப் பத்து வயது. அந்த ஆடியில்தான் முதல்முறையாக முளைப்பாரிக் கும்மியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கும்மியில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருத்தி கையில் மற்றவள் தட்ட வேண்டும். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் என் ஜோடி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இவ கையத் தொட்டா எனக்கும் ஒட்டிக்கிரும்" என்றாள்.

மற்ற பிள்ளைகளும் நகர்ந்துகொண்டார்கள். கும்மி சொல்லிக்கொடுத்தவள் என்னை வெளியே நிற்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகையில் மாடு மிரண்டது.

மறுநாள் அண்ணன் என்னைக் காரைக்குடி டாக்டரிடம் கூட்டிப் போனான். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தொற்றும், கடிக்காதே, கிள்ளாதே, துண்டைத் தனியாக வைத்துக்கொள் என்றார். மருவின் மேல் மட்டும் தடவ ஒரு மருந்து கொடுத்தார். நல்ல தோலில் பட்டால் எரியுமாம். எத்தனை நாளில் போகும் என்று கேட்டேன். மாதக்கணக்கு ஆகலாம், வருடக்கணக்கும் ஆகலாம், தானாகவே போவதும் உண்டு என்றார். படித்த மனிதர் இப்படிப் பேசலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன் அத்தனையையும் ஒன்று விடாமல் வீட்டில் ஒப்பித்தான்.

அம்மாவின் வழி வேறு. கோயில் தெப்பக்குளத்தில் உப்பைப் போட்டால், உப்புக் கரையக் கரைய மருவும் கரையும். திருவிழா அன்று போடுவதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அன்றைக்குக் கரையத் தொடங்கினால் நான் எப்போது கும்மி அடிப்பது? மருவுக்கு ஒரு கையாக ஏழு கை உப்பு, சந்தேகத்துக்கு இன்னொரு கை, எல்லாவற்றையும் பாவாடையில் மடித்துக்கொண்டு நானே கிளம்பினேன். தெப்பக்குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. தண்ணீர் இருந்த ஒரே இடம் ஊருணி. ஊரே குடிக்கும் தண்ணீர் அது. காலை நனைத்தாலே வசவு விழும். நான் காலை நனைக்கவில்லை, படியில் நின்று உப்பை மட்டும் போட்டேன்.

ஊருணிக் காவல்காரர் என் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தார்.

"ஊரு குடிக்கிற தண்ணியில உங்க மக உப்பக் கொட்டுறா. என்னண்டு கேளுங்க" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார்.

பின்னாலேயே குடமும் கையுமாக நாலைந்து பெண்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகைகூட நின்றுவிட்டது. அப்போது உள்ளேயிருந்து மதினி வந்தாள். நாட்டரசன்கோட்டைப் பெண், அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்றே மாதம். வந்தவர்களில் ஒருத்தியின் குடத்திலிருந்து ஒரு செம்பு ஊருணித் தண்ணீரை வாங்கிக் கடகடவென்று குடித்தாள்.

"கரிக்கவே இல்லையே. இம்புட்டு உப்புக்கா இப்படிப் பயப்படுறீக?"

காவல்காரரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போனார். மதினி என்னிடம் விஷயத்தைக் கேட்டாள். "யாரும் என்னோட கும்மியடிக்க மாட்டேங்கிறாக" என்றேன்.

"நான் அடிக்கிறேன், வா ஆத்தா" என்றாள்.

திருவிழாவில் அவள்தான் என் எதிரே நின்றாள். விரல் நுனியால் ஒப்புக்குத் தட்டவில்லை. உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை.

தை பிறப்பதற்குள் மருக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அம்மா அம்மன் என்றாள், அண்ணன் மருந்து என்றான், நான் ஊருணி என்றேன். எட்டாவது மட்டும் போகவில்லை, அது தழும்புதான்.

அடுத்த ஆடி வந்தபோது மதினியின் உள்ளங்கையில் மூன்று மரு முளைத்திருந்தது. கும்மிப் பழக்கம் தொடங்கிய அன்று அவள் போன வருடம்போலவே என் எதிரே வந்து கையை நீட்டினாள்.

"வேணாம் மதினி, எனக்கு ஒட்டிக்கிரும்" என்று சொல்லிவிட்டு நான் பழைய ஜோடியிடம் ஓடினேன்.

"அதுவும் சரிதான் ஆத்தா. நீ நல்லா அடி" என்றாள் மதினி. ஓரமாகப் போய் உட்கார்ந்து, எங்கள் பாட்டுக்குத் தன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மரு யார் கையிலிருந்து அவள் கைக்குப் போனது என்று எனக்குத் தோன்றவே இல்லை.